ஸாயித் வீட்டு ஆட்டுக்கறி

மேல்மேய்ச்சல் குடில், அட்லஸ் மலை
9 ஜூன் 1992

என் அண்ணன் முஹா பெற்ற அருமை மகள் இத்தோவுக்கு, மலைகளை ஒவ்வொன்றாக மண்டியிட வைத்துக்கொண்டிருக்கும் உன் சித்தப்பா ஹம்மு எழுதுவது.

நான் நலம். கால்கள்தான் என்னுடன் பேசுவதை நிறுத்திவிட்டன. ஆயுள் முழுக்க வெள்ளைக்காரர்களின் மூட்டைகளைக் கோவேறு கழுதைமேல் ஏற்றிப் பின்னால் நடந்தவன், இப்போது என் சொந்த ஆசைக்காக, என் மூட்டையை நானே சுமந்து மலைத்தொடரின் மறுமுனைக்குப் போகிறேன். விறகு சுமந்து வந்த ஒருத்தி என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"கழுதை எங்கய்யா?"

"இல்லம்மா, நானேதான் சுமக்கறேன்."

"அட பாவமே! அதை வித்துட்டு அந்த வேலையில நீ சேர்ந்துட்டியா?"

காலையில் ஓடையில் முகம் கழுவினால் மூக்கு கையோடு வந்துவிடுகிறது. மதியம் வாற்கோதுமை ரொட்டியும் ஒரு டப்பா மத்தி மீனும். ராத்திரி அதே ரொட்டி, அதே டப்பாவின் எண்ணெய். குடிலில் தெள்ளுப்பூச்சிகள் ஆட்டுக்குட்டி அளவு. நேற்று ஒன்று என் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குறட்டை விட்டது.

பெனி மெல்லால் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி பற்றிக் கவலைப்படாதே. அண்ணன் இறந்த பிறகு உன் காப்பாளன், உன் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டியவன் நான். செப்டம்பரில் நீ பள்ளிக்குத்தான் போகிறாய். ஏழு தேசத்து சுல்தான்கள் பெண் கேட்டு வந்தாலும் வாசலிலேயே நிற்க வைப்பேன்.

பதிலைச் சந்தை லாரியில் கொடுத்தனுப்பு. கணவாய் அடிவாரத் தேநீர்க்கடையில் வாங்கிக்கொள்கிறேன்.

உன் சித்தப்பா,
ஹம்மு


17 ஜூன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு ஸலாம்.

உங்கள் கடிதத்தை நான் படிக்கக் கேட்டு அம்மா சிரித்ததில் தேநீர் கொட்டிப்போயிற்று. கால் புண்ணுக்கு ஆலிவ் எண்ணெய் தடவச் சொல்கிறாள்.

ஒரு விஷயம். கணவாயைத் தாண்டினால் ஸாயித்தின் ஊர். தன் மகனுக்கு என்னைக் கேட்டு இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். நீங்கள் அந்த வழியாக வருவது அவருக்குத் தெரியும். அங்கே தேநீர் குடியுங்கள், ரொட்டி தின்னுங்கள். உங்களுக்கென்று ஆடு அறுத்தால் மட்டும் கை நனைக்காதீர்கள். பெண் வீட்டுப் பெரியவர் அந்தக் கறியைத் தின்றால் பெண்ணைக் கொடுத்தாயிற்று என்றுதான் ஊர் சொல்லும். உங்களுக்குத் தெரியாததில்லை.

உங்கள் மகள்,
இத்தோ


24 ஜூன்

கண்ணே இத்தோ,

உன் கடிதம் அடிவாரத்திலேயே கிடைத்தது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கணவாய் ஏறினேன். ஆலங்கட்டி மழை! ஒவ்வொன்றும் தர்பூசணி. மூட்டையிலிருந்த ரொட்டி கூழாகிவிட்டது. இறங்கும்போது ஸாயித்தே எதிரில் வந்து நின்றார்.

"என்ன ஹம்மு, எங்க வீட்டைத் தாண்டிப் போயிடுவியா? நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

"வயிறு சரியில்லண்ணே, தேநீர் போதும்."

"கொல்லையில போய்ப் பாரு. தோலை உரிச்சாச்சு."

அறுத்த பிறகு மறுத்தால் அந்த வீட்டு முகத்தில் காறித் துப்பியது போல. முதலில் ஈரலை மட்டும்தான் தொட்டேன். ஈரல் கறியில் சேராது என்பது என் கட்சி. பிறகு தொடை வந்தது. வெண்ணெயில் வெந்த அந்தத் தொடையைப் பார்த்திருந்தால் மலையே எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

பையன் நல்லவன். தலை நிறைய முடி. பள்ளி எங்கே ஓடிவிடப் போகிறது? பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வரி எழுது கண்ணு. திட்டியாவது எழுது.

சித்தப்பா


5 ஜூலை

ஹம்மு சித்தப்பாவுக்கு,

நேற்று ஸாயித் வீட்டுப் பெண்கள் நிச்சயச் சீராக மருதாணியும் சர்க்கரைக் கூம்புகளும் கொண்டுவந்தார்கள். "யார் குடுத்த வாக்கு?" என்று கேட்டேன். "உன் சித்தப்பன் எலும்பைக்கூட விடாம உறிஞ்சினாரே, அப்புறம் என்னடி கேள்வி?" என்றாள் ஸாயித்தின் மனைவி. நன்றாகத்தான் சொன்னாள். வேறு யாரையாவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் கடிதம் கிடைக்காமல் சாப்பிட்டிருந்தால், உங்களுக்காக நானே ஊரோடு சண்டை போட்டிருப்பேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறீர்கள்.

லாரிக்காரர்கள் எல்லாம் அவர்களுடைய உறவு. அதனால் நாளை நடந்தே பெனி மெல்லாலுக்குக் கிளம்புகிறேன். பள்ளி திறக்கும்வரை அங்கே ஏதாவது வேலை செய்துகொள்வேன். ரொட்டி சுட்டாயிற்று. அப்பாவின் செருப்பு எனக்குப் பெரிது, துணி திணித்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியும். அழுதுகொண்டேதான் மூட்டையைக் கட்டிக் கொடுத்தாள்.

பதில் எழுத வேண்டாம்.

பள்ளியில் என் காப்பாளர் எங்கே என்று கேட்பார்கள். இறந்துவிட்டார் என்று சொல்லப் போகிறேன். அப்பாவைச் சொல்கிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

முஹாவின் மகள்,
இத்தோ