வெள்ள ஒத்திகையில் உன் வேடம்

என் மாமன் மகளாகப் பிறந்து, எனக்கே அண்ணியாகவும் வந்து வாய்த்த முனிரத்னாவுக்கு,

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். போன மாதம் பள்ளிக்கூடத்தில் நாற்பது பேர் முன்னால் உன்னைப் போல நடித்தேன். இடுப்பில் கையை வைத்து, மூக்கை உறிஞ்சி, எல்லாம் அப்படியே. உனக்கு வரவேண்டிய கைதட்டலை நான் வாங்கிக்கொண்டேன்.

கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்தால், ஆற்றோரத்து ஆட்களுக்கு அதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று புது இன்ஜினியர்களுக்குப் பயிற்சி. வீட்டை விட்டு நகராத பிடிவாதக்காரி வேடம் எனக்கு. அஞ்சாவதோடு நின்றவளுக்கு வசனம் யார் எழுதித் தருவார்கள்? நீதான் இருக்கிறாயே.

எதிரில் ஒரு இன்ஜினியர் பெண். "அம்மா, வினாடிக்கு இத்தனை கன அடி வருதுங்க" என்றாள்.

"வரட்டும் கண்ணு. எம் மாடு நாலையும் உன் ஹாஸ்டல்ல கட்டிக்கிறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

எனக்கும் உள்ளே சிரிப்பில்லை. நீ கண்ணை மூடியதிலிருந்து அண்ணன் ஆற்றோரக் கொட்டகையிலேதான் படுக்கிறார். உன் மாடுகளை விட்டு ஒரு ராத்திரி வரமாட்டார். நிஜமாகவே தண்ணீர் வந்தால்?

போன வாரம் வந்தது. பெங்களூர்ப் பக்கம் நல்ல மழை, அணையைத் திறக்கப்போவதாகச் சொன்னார்கள். காலையிலேயே போய் அண்ணனைக் கெஞ்சினேன்.

"நீ போய் நாடகம் ஆடு, போ" என்றார்.

அப்புறம் அந்த இன்ஜினியர் பெண் வந்தாள். கன அடிப் பேச்சே இல்லை. பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். "ஐயா, சாயங்காலம் தண்ணி உங்க மோட்டார் ரூமத் தொட்டுரும். மாடு நாலுக்கும் பள்ளிக்கூட மைதானத்துல எடம் சொல்லிட்டேன். தீவனம் எறக்கியாச்சு. நீங்க வந்து கட்டுனாப் போதும்."

அண்ணன் குனிந்து கயிற்றை அவிழ்த்தார்.

சாயங்காலம் கொட்டகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. உள்ளே ஒரு உயிர் இல்லை. நீயாக இருந்தால் அவள் பேச்சுக்கு மசிந்திருப்பாயா, முனிரத்னா?

அடுத்த ஒத்திகைக்கும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உன் வேடத்தை வேறொருத்திக்கு விடமாட்டேன். மழை வரும்போதெல்லாம் அண்ணனை மேட்டுக்கு ஏற்றிவிடுவேன், இது சத்தியம்.

தண்ணீர் வந்த மறுநாள் காலை உன் செவலைப் பசு ஏழாம் வகுப்புச் சன்னலுக்குள் தலையை விட்டது. கொம்பு கம்பியில் மாட்டிக்கொண்டது. கம்பியை அறுத்து எடுத்தார்கள். அப்புறமும் கணக்குப் பாடம் முடியும்வரை அது நகராமல் அங்கேயேதான் நின்றது.

இப்படிக்கு,
உன் வாயை நீ போன பின்னும் இரவல் வாங்கும் நாத்தனார்,
யசோதா