உம் அலியும் நாலு நாள் லீவும்

அஸ்வான், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள நக்லாவுக்கு, உனக்கும் வீட்டாருக்கும் இறைவன் அருள் கிட்டட்டும். கால் வீக்கம் வடிந்ததா? எனக்கு எரிச்சலைத் தவிர வேறு நோயில்லை.

உன் பிரசவத்துக்கு வர லீவு கேட்டு மூன்று தடவை போனேன். எங்கள் மேலதிகாரி இன்ஜினியர் வக்தி கையை விரித்துவிட்டார். இனிப்பால் மனதைக் கரைக்கலாம் என்று அவரைச் சாப்பிட அழைத்து, நீ எழுதிய குறிப்பைப் பார்த்து உம் அலி செய்தேன். 'பால் தேவையான அளவு' என்று எழுதியிருக்கிறாயே, அது எவ்வளவு என்று எழுதினால் என்ன? சுட்ட மாவுத் தகடுகளை நொறுக்கி, உலர்திராட்சை தூவி, பாலை விளிம்புவரை ஊற்றினேன். ஓவனுக்குள் பொங்கி வழிந்து வீடெல்லாம் புகை. மேலே கரி, அடியில் கஞ்சி.

மாடிவீட்டு சமீஹா அக்கா வாளித் தண்ணீரோடு ஓடிவந்தாள். "ஏம்ப்பா ரகப், கட்டடத்தையே சுடப்போறியா? இவ்வளவு பாலை யாராவது கொட்டுவாங்களா?"

கையில் சின்னச் சூட்டுக்காயம்தான், பயப்படாதே.

அந்த நேரம் பார்த்து வக்தி வந்தார். ஒரு கரண்டி வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

"தினமும் இப்படித்தான் சமைச்சுச் சாப்பிடுறியா?"

"ஆமாங்க," என்று பொய் சொன்னேன்.

"அடப்பாவி! முதல்ல ஊருக்குப் போய் ஒழுங்கா சாப்பிட்டுட்டு வா."

என் பழைய தலையணையை வெயிலில் போட்டுவை. திரும்பும்போது கொண்டுவர வேண்டும். இங்கே தூக்கம் பிடிப்பதில்லை.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது. வெள்ளி முதல் திங்கள் வரை, நாலே நாள் கொடுத்திருக்கிறார். அதற்குள் பிறந்துவிடச் சொல், உன் பிள்ளையிடம்.

உன்
ரகப்