நான்காம் தூணுக்கு எடுத்த படம்

காரமடை,
18.2.1996.

அன்புள்ள மகன் தமிழ்வேந்தனுக்கு அப்பா எழுதுவது.

எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மற்றதைக் கீழே எழுதுகிறேன். பொங்கலுக்கு நீ மஸ்கட்டிலிருந்து போட்ட கடிதமும், வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படமும் வந்து சேர்ந்தன. உன் அம்மா அந்தப் படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். வருகிறவர்களிடம் எல்லாம் கார் உன்னுடையது என்று சொல்லிவிடுகிறாள். நான் திருத்தப் போனால் என் மேல் பாய்கிறாள். படம் எடுத்த மகராசன் தலைக்கு மேல் பாதி வானத்தை விட்டுவிட்டு உன் காலை வெட்டியிருக்கிறான். இருந்தாலும் நீ இளைத்துப்போயிருப்பது தெரிகிறது.

மாசித் தேருக்குக் கோயில் பக்கம் இப்போதே கடை போட ஆரம்பித்துவிட்டார்கள். மொட்டை போட்ட குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நம் ஸ்டூடியோவுக்கும் கூட்டம் வரும். இந்த வருஷம் கடையைத் திறப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

நீ இன்ஜினியராக இருந்து கட்டின பாலம் இடிந்த பிறகு, மஸ்கட்டுக்குப் போகக் காந்திபுரத்தில் சென்னை பஸ் ஏறும்போது நீ என்னைத் தனியாக இழுத்துப்போய் பாலத்து நெகட்டிவ்களை என்ன செய்தேன் என்று கேட்டாய். எரித்துவிட்டேன் என்று சொன்னேன். எரிக்கவில்லை. பெற்ற மகனிடம் வாய் கூசாமல் பொய் சொன்னேன். நீ அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு பஸ் ஏறினாய். உன்னைக் காட்டிக்கொடுக்கத்தான் வைத்திருந்தேன் என்று நினைத்துவிடாதே. முப்பது வருஷத்தில் ஒரு நெகட்டிவைக்கூட நான் எரித்ததில்லை. தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை போனேன். கை வரவில்லை, அவ்வளவுதான்.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். கல்யாணப் படம் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கட்டிக்கொண்டிருக்கிற கட்டடத்தைப் படம் எடுக்க இந்தப் பக்கத்தில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். மில் புகைபோக்கி, தண்ணீர்த் தொட்டி, வாய்க்கால் மதகு எல்லாவற்றையும் பாதியில் நிற்கும்போது எடுத்திருக்கிறேன். அஸ்திவாரத்தை மூடிவிட்டால் அப்புறம் எந்த அதிகாரி வந்தாலும் உள்ளே பார்க்க முடியாது. என் படத்தைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். நீ சின்னவனாக இருந்தபோது அந்த ஆல்பங்களைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பாய். இன்ஜினியருக்குப் படிக்கிறேன் என்று நீ சொன்னதே அதைப் பார்த்துத்தான். அதில் எனக்கு எவ்வளவு கர்வம் இருந்தது தெரியுமா?

போன செவ்வாய்க்கிழமை வேலன் வந்தான். உனக்கு அவனைத் தெரிந்திருக்காது. ராசம்மாளின் புருஷன். ராசம்மாளை உனக்குத் தெரியும். சாந்துச் சட்டி சுமந்தவள், படம் எடுக்கும்போது சிலேட்டைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் நிற்பவள். நவம்பரில் நான்காம் தூண் சாய்ந்து பாலம் இடிந்தபோது, தளம் இறுகுவதற்காக மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்து செத்த மூன்று பேரில் ஒருத்தி.

வேலன் வாசலிலேயே நின்றான். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. "ஏனுங்க, ராசம்மா போட்டோ ஒண்ணு உங்ககிட்ட இருக்குமுங்களா? கண்ணாலத்துக்குக்கூட எடுக்கலீங்க. பாப்பா அவ மொகத்தை மறந்துக்கிட்டு வருதுங்க" என்றான். பாப்பாவுக்கு மூன்று வயதாம். தேடிப் பார்க்கிறேன், நாளைக்கு வா என்று அனுப்பினேன். என்னத்தைத் தேடுவது? எந்தப் பெட்டியில் எத்தனாவது உறையில் இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் ஒரு தடவையாவது முழுசாக எழுதிவிடுகிறேன், நீயும் ஒரு தடவை முழுசாகப் படி. ஒவ்வொரு குழியும் பாறை தட்டும் வரைக்கும் தோண்ட வேண்டும். பாறையின் மேல் தூண் நம்பரையும் தேதியையும் எழுதின சிலேட்டை வைத்துப் படம் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கான்கிரீட். மே மாசத்துக் கோடை மழையில் மேட்டிலிருந்த மூன்றாம் குழியை இறைத்துப் பாறையைக் காட்டிவிட்டார்கள். ஓடை நடுவில் இருந்த நான்காம் குழி இறைக்க இறைக்க ஊறியது. பாறைக்கு இன்னும் நாலடி இருக்கும் என்று நீயே என்னிடம் சொன்னாய். காண்ட்ராக்டர் அவசரப்படுத்துகிறார், கீழே சரளை கெட்டியாகத்தான் இருக்கிறது, ஒரு படம்தானே அப்பா என்றாய்.

மூன்றாம் குழியைக் கிழக்கே இருந்து ஒரு படம் எடுத்தேன். பிறகு மேற்கே போய் நின்றுகொண்டு, ராசம்மாளைத் திரும்பி நிற்கச் சொன்னேன். சிலேட்டில் எழுதுவதும் அவள்தான். ஐந்தாவது வரைக்கும் படித்தவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். மூன்றை அழித்துவிட்டு நாலு போடு, தேதியையும் இரண்டு நாள் தள்ளிப் போடு என்றேன். அவள் என்னையும் குழியையும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது மூணாங்குழி தானுங்களே? நாலாங்குழி தண்ணிக்குள்ள அல்லங்களா கிடக்குது" என்று சிரித்தாள். நீ மேலே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் காதில் விழுந்ததோ என்னவோ. நான் சொன்னது இதுதான்: "அம்மணி, உனக்கெதுக்கு அந்தக் கணக்கெல்லாம்? பலகையை நேராப் புடி."

அவள் நேராகப் பிடித்தாள்.

வேலன் மறுநாள் வருவதற்குள் இருட்டறைக்குப் போனேன். நெகட்டிவில் அவள் முகம் மட்டும் வருகிற மாதிரி பெரிதாக்கி ஒரு படம் போட்டேன். சிலேட்டு, பாறை, குழி எதுவும் வராதபடிக்குக் கழுத்தோடு நிறுத்தினேன். புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. ஆனாலும் முகம் தெரிந்தது. இப்படியே கொடுத்து அனுப்பிவிடலாம், உனக்கும் ஒன்றும் ஆகாது, பாப்பாவுக்கும் அம்மா முகம் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். உன் அப்பனின் புத்தியைப் பார்த்துக்கொள்.

வேலன் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தான். நிறைய கும்பிட்டான். அப்புறம், "கையில ஒரு பலகை வெச்சிருப்பாளாமுங்களே, அது வராதுங்களா?" என்று கேட்டான். வீட்டில் தினமும் அதைத்தான் பேசுவாளாம். என் மொகமும் என் எழுத்தும் கோயமுத்தூர் பெரிய ஆபீஸ் வரைக்கும் போகுது என்று சொல்லிச் சிரிப்பாளாம். அவனுக்குப் படிக்கத் தெரியாது. "அவ எழுதுனது ஊட்டுல ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லீங்க. பாப்பா பெருசாச்சுன்னா, இது உங்கம்மா எழுத்துன்னு காட்டோணுமுங்க" என்றான்.

நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். பிறகு இரண்டு நெகட்டிவையும் வெட்டாமல் முழுசாகப் போட்டேன். உனக்கு ஒரு விஷயம் தெரியுமா? ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும் அந்தப் பாறையில் வெள்ளைக்கல் ரேகை ஒன்று குறுக்கே ஓடுகிறது. மூன்றாம் தூணின் படத்தில் இடமிருந்து வலமாக இறங்குகிறது, நான்காம் தூணின் படத்தில் வலமிருந்து இடமாக. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே குழிதான் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இத்தனை அதிகாரிகள் ஆல்பத்தைப் புரட்டினார்கள், ஒருத்தருக்கும் கண் தெரியவில்லை.

இரண்டையும் வேலன் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் பெயரையும் சொன்னேன். அவன் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். ராசம்மாள் எதுவும் கேட்டாளா என்று மட்டும் கேட்டான். கேட்டாள், இது மூணாங்குழியாச்சே என்றாள் என்றேன். "அவ அப்படித்தானுங்க, மனசுல வெச்சுக்க மாட்டா, கேட்டுப்போடுவா" என்றான். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்டான். அதையும் சொன்னேன்.

முகம் மட்டும் இருந்த படத்தை மடியில் செருகிக்கொண்டான். சிலேட்டு இருந்த படங்கள் இரண்டையும் என் பக்கமாகத் தள்ளினான். "இது அவ எழுத்து இல்லீங்க. உங்க எழுத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். தமிழு, எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இதுவரைக்கும் யாரும் என்னை இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உன் அம்மா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சு வார்த்தை இல்லை. பேசினால் ஒன்றே ஒன்றுதான். "ஒரு தீக்குச்சி கிழிக்க எத்தனை நேரமுங்க ஆகும்? செத்தவ திரும்பி வரப்போறாளா? ஒத்தைப் பையனைப் பெத்து வெச்சிருக்கறனுங்க, அவனை உட்டுப்போடுங்க" என்று காலைப் பிடிக்கிறாள். அவள் யார் காலையும் பிடித்து நான் பார்த்ததில்லை. அவள் சொல்வது தப்பு என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் இங்கே நடப்பதைக் கேள். விசாரணையில் வெள்ளம்தான் காரணம் என்று முதலில் பேசினார்கள். இப்போது காண்ட்ராக்டரின் ஆட்கள், கூலிக்காரர்கள் தளத்தைத் தாங்கின முட்டுக் கம்பங்களை முன்கூட்டியே பிடுங்கிவிட்டார்கள் என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். செத்த மூன்று பேர் மேலேயே பழியைப் போட்டாயிற்று. மார்ச் 14 வியாழக்கிழமை கடைசி விசாரணை. அன்றைக்கு நெகட்டிவ்களை எடுத்துக்கொண்டு போய், எடுத்தவன் நான்தான், எடுக்கச் சொன்னவன் என் மகன் என்று சொல்லப்போகிறேன். எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், இனி கேமராவைத் தொடப்போவதில்லை. உனக்கு என்ன ஆகும் என்றுதான் எந்நேரமும் நினைக்கிறேன். பிடித்துக்கொண்டு வரும்படி வைத்துக்கொள்ளாதே, நீயாக வந்துவிடு. வந்தால் நான் உன் பக்கத்தில் நிற்பேன். நீ வருவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

வர முடியாவிட்டாலும் ஒன்றுக்குப் பதில் சொல். ஐந்தாம் குழியும் ஆறாம் குழியும் தோண்டின சமயத்தில் நான் டைபாய்டில் படுத்திருந்தேன். அந்தப் படங்களை நீதான் உன் கேமராவில் எடுத்தாய். நேற்று அவற்றை ஆல்பத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் முழங்கால் அளவுக்குச் சேற்றுத் தண்ணீர். பாறையைக் காணோம். தண்ணீருக்கு அடியில் இருக்கிறதா, இல்லையா? எனக்குக் கண் வலிக்கிற வரைக்கும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் தெரியவில்லை.

தேர் முடிந்ததும் பால வேலையை மறுபடியும் ஆரம்பிக்கிறார்கள். இடிந்த நான்காம் தூணை மட்டும் புதிதாகக் கட்டிவிட்டு, ஐந்தாம் தூணின் மேலும் ஆறாம் தூணின் மேலும் தளம் போடப்போகிறார்களாம். நான் காண்ட்ராக்டரின் ஆட்களிடம் போய்ச் சொன்னேன். ஸ்டூடியோக்காரருக்கு மூளை குழம்பிவிட்டது என்று சிரித்து அனுப்பினார்கள். இன்ஜினியர் வாயால் சொன்னால் நிறுத்துவார்கள். ஆள் சேர்த்தாகிவிட்டது. வேலனும் பெயர் கொடுத்திருக்கிறான். அவனுக்கு வேறு கூலி வேலை இல்லை, பாப்பாவைக் கூடவே கொண்டுபோய் நிழலில் விட்டுக்கொள்வானாம்.

அவினாசியப்பன் உனக்கு ஆயுசையும் நல்ல புத்தியையும் கொடுக்கட்டும், சாமி. கடைக்கு எதிரில் இருக்கும் போன் பூத்தில் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்திருப்பேன். நலம் விசாரிக்க வேண்டாம், அப்பா என்றுகூடக் கூப்பிட வேண்டாம். பாறையில் நிற்கிறது, இல்லை, இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு வைத்துவிடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
திருமூர்த்தி