சத்தமாக எண்ணுங்கள், அக்கா

ஒரகடம்
3 மே 2024

அன்புள்ள டாக்டர் தம்பிக்கு,

மெர்சி அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அங்கே குளிர் விட்டதா?

செவ்வாய்க்கிழமை நீங்கள் போனில் எடுத்த பாடம் முடிந்ததும் தலையணையை வைத்து நெஞ்சு அழுத்திப் பழகினேன். "இன்னாம்மா, தலகாணிக்கு உசுரு வந்துச்சா?" என்று மகள் ஜெர்சி கேலி செய்தாள். எங்கள் கம்பெனி கேட்டில் போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள் என்று சொன்னதற்கு, "அப்போ சத்தமா எண்ணுங்கக்கா, காதாலயே பாத்துக்கறேன்" என்றீர்களே, வீடே அதிர எண்ணுகிறேன்.

முதலுதவி அறையில் நர்ஸ் என்று நான் ஒருத்திதான். தலைவலி மாத்திரைக்கு வருகிறவர்களும் வாங்கிக்கொண்டு லைனுக்கு ஓடிவிடுவார்கள். வாரம் ஒருமுறை உங்கள் போன் வரவில்லையென்றால் பேச்சே மறந்துபோகும். போன வாரம் பத்து நிமிடம் தாமதித்துவிட்டீர்கள். கணக்கில் வைத்திருக்கிறேன்.

கர்த்தர் உங்களோடு இருப்பாராக.
மெர்சி

அபர்டீன்
20 மே 2024

அன்புள்ள மெர்சி அக்காவுக்கு,

வெல்டிங் பகுதியில் மயங்கி விழுந்த பாண்டுரங்கன் ஆஸ்பத்திரி சேரும் முன்பே இறந்துவிட்டார் என்ற தகவல் எனக்கும் வந்தது. இருபத்தாறு வயது. நான்கு நாளாகத் தூக்கமில்லை.

உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. அன்று நீங்கள் அழைத்ததிலிருந்து ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை போனில் உங்கள் எண்ணிக்கை ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. அப்படியானால் தப்பு நான் சொல்லிக்கொடுத்ததில்தான். ஆளைக் காணாமல், கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு வைத்தியம் சொல்ல எனக்கு என்ன தகுதி? மாதக் கடைசியோடு இந்தப் போன் வைத்தியத்திலிருந்து விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இந்த ஊரில் என்னை அக்கறையாகத் திட்ட ஆளில்லை. உங்களை நினைத்துக்கொள்வேன்.

அன்புடன்,
ஹேமந்த்

ஒரகடம்
26 மே 2024

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று நாளாக எழுதி எழுதி அழித்தேன்.

ஆம்புலன்ஸ் கேட்டுக்கு வந்து நின்றதும் செக்யூரிட்டி முனிரத்தினம் ஓடிவந்தார். "கேட் பாஸ்ல உங்க கையெழுத்து இல்லாம வண்டி வெளிய போவாது மேடம்." பெயர், டோக்கன் நம்பர், நேரம், காரணம் எல்லாம் நர்ஸ் கைப்பட எழுத வேண்டும், மூன்று தாளில். மேசைக்குப் போனேன். கை எழுதியது, வாய் எண்ணியது. பாண்டுரங்கன் நெஞ்சில் யார் கையும் இல்லை, தம்பி. மூன்று நிமிடம் இருக்கும்.

சூப்பர்வைசர் நடேசன் பக்கத்தில்தான் நின்றார். அழுத்துங்கள் என்றால் அழுத்தியிருப்பார். சொல்ல வாய் திறந்தால் எண்ணிக்கை நிற்கும், ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்பீர்கள். உங்களிடம் நல்ல பேர் வாங்கியே பழகிவிட்டேன். அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எண்ணினேன். வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் சொல்லிக்கொடுத்ததில் தப்பே இல்லை. விலகாதீர்கள். இந்த ரோட்டுக் கம்பெனிகளில் இன்னும் பதினோரு நர்ஸுகள் உங்களை நம்பி இருக்கிறார்கள். நாளைக்கு மேனேஜரிடமும் சொல்லிவிடுவேன், வேலை போனால் போகட்டும். என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

மெர்சி

அபர்டீன்
11 ஜூன் 2024

மெர்சி அவர்களுக்கு,

நான் விலகவில்லை. பாஸ் எழுத வேறு ஆளைப் பழக்கி வையுங்கள், கையை எடுப்பதென்றால் அடுத்த கையை வைத்துவிட்டு எடுங்கள் என்று மற்றப் பதினோரு பேருக்கும் சொல்லிவிட்டேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

அந்த மூன்று நிமிடமும் அழுத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாது.

திட்டச் சொன்னீர்கள். முடியவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் பயந்திருப்பேன். ஆனால் இனி நீங்கள் நாடி இருக்கிறது என்று சொன்னால் இருக்கிறதா என்று யோசிப்பேன். அந்த நேரத்தில் அங்கே ஒருவர் படுத்திருப்பார். அதனால் வரும் செவ்வாயிலிருந்து எனக்குப் பதிலாக உங்களோடு டாக்டர் பிரவீனா பேசுவார். நான்தான் கேட்டு மாற்றிக்கொண்டேன். எனக்கும் இது கஷ்டமாகத்தான் இருக்கிறது, அக்கா.

பிரவீனா பொறுமையானவர். முதல் நாளே அவரிடம் எல்லாவற்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் எதுவும் சொல்லவில்லை.

ஹேமந்த்