பலகைக்கு வெளியே நில்

அன்பு மகள் பிரேமலதாவுக்கு,

தாராவியிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், ஜப்பானில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் நல்ல சுகத்தோடு இருக்க முத்தாரம்மன் துணை நிற்கட்டும். போனில் பேசினால் நீ இடையில் புகுந்து என் வாயை அடைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம். தமிழ் வாசிக்க உனக்குத் தடுமாறும், மெதுவாக வாசி.

உன் பேறுகாலத்துக்கு வருகிறேன் என்றால் டிக்கெட்டை கேன்சல் பண்ணு என்கிறாய். மாப்பிள்ளைக்கு லீவு இல்லையாம், ஏர்போர்ட்டிலிருந்து நான் தனியாக ரயிலேறி வர வேண்டுமாம், ஸ்டேஷன்ல வெளியே போற வழி எதுன்னுகூட ஒனக்கு வாசிக்கத் தெரியாதேம்மா என்று பயங்காட்ட அந்தப் பலகையைப் படம் பிடித்து அனுப்பினாயே, அதைத்தான் இப்போது படித்துக்கொண்டேன். இரண்டே எழுத்து. முதலாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு மலை, அடுத்தது காலிப் பெட்டி. அதைத் தெகுச்சி என்று சொல்வார்களாம், பக்கத்து வீட்டு பீவி தன் போனில் தட்டிக் கேட்க வைத்தாள். தினமும் வாசல் தெளித்து, கோலத்துக்குப் பதில் அதையே போட்டுப் பழகினேன். பீவி அந்தக் கோலத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்ப, அதைப் பார்த்து, வீட்டு வாசல்ல போயி வெளியே போற வழின்னு எழுதி வச்சிருக்கியே, வர்ற லட்சுமி திரும்பிப் போயிருவாம்மா என்று நீ சிரித்தாய். எனக்குத் திக்கென்றது, அன்று வெள்ளிக்கிழமை வேறு. உடனே அழித்துவிட்டுக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதிவிட்டேன். அப்பா மீன் வாங்கப் புறப்பட்டால்கூட தெகுச்சி என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறார், மனுசனுக்குக் கேலி பண்ண ஒன்று கிடைத்துவிட்டது.

சிரி, நன்றாகச் சிரி. ஆனால் ஏட்டி, கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. சயான் ஸ்டேஷனில் இறங்க வேண்டியவள் அங்கே நிற்காத ஃபாஸ்ட் வண்டியில் ஏறி தாணாவில் போய் நின்று அழுதேன். மறுநாளும் அதே பிளாட்பாரத்துக்குத்தான் போனேன், பலகையில் எழுத்தின் உருவத்தைப் பார்த்துப் பார்த்து ஏறினேன். அப்படித்தான் கோவண்டி வரை வேலைக்குப் போய் உன்னைப் படிக்க வைத்தேன். நீ அங்கே வலியெடுத்துக் கிடக்க, நான் இங்கே போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன், என்னால் முடியாது.

வெந்நீர் குடி. மாடிப்படியில் ஓடாதே. பச்சை மீனைத் தின்னாதே, மாப்பிள்ளையே ஊட்டினாலும் தின்னாதே. நல்லபடியாகப் பெற்று மகராசியாக இருப்பாய்.

மறந்துவிடாதே, என்னைத் தேடி ஸ்டேஷனுக்குள்ளே அலைய வேண்டாம். அந்தப் பலகைக்கு வெளியே ஒரு ஓரமாக உட்கார்ந்திரு. நான் வருவேன்.

உன் அம்மா,
முப்பிடாதியம்மாள்