இடி கேட்டதும் பிடுங்கிய பிளக்

வெள்ளி இரவு. மழை விடவில்லை.

மாமியை இன்று அடக்கம் செய்துவிட்டார்கள். ஷார்ஜாவிலிருந்து வர என் வீட்டுக்காரருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. வீடியோ காலில்தான் அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்க வேண்டியிருந்தது.

போன மழையில் இடி விழுந்து மோடம் கருகிவிட்டது. தஞ்சாவூரிலிருந்து புதுசு வரும்வரை மகனைப் பார்க்காமல் மாமி தவித்துப்போனார்கள். அதிலிருந்து வானம் உறுமினாலே, "பிளக்கப் புடுங்கு புள்ள, எம்மவன் மொகம் போயிடும்" என்று கத்துவார்கள். நான் ஓடுவேன்.

இன்று நாத்தனார் கபன் துணியை விலக்கி, முகத்துக்கு நேரே போனைப் பிடித்தாள். "அம்மா" என்றார் இவர். அந்த நேரம் பார்த்து இடித்தது. மாமி கத்தியது எனக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. ஓடிப்போய்ப் பிடுங்கிவிட்டேன்.

காலையிலிருந்தே செல்போன் டவர் இல்லை. பிளக்கைத் திரும்ப மாட்டி லைன் வருவதற்குள், ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று முகத்தை மூடித் தூக்கிவிட்டார்கள்.

"கரண்ட் போயிடுச்சா?" என்று சாயங்காலம் கேட்டார்.

"ஆமாங்க."

"அம்மா இருந்திருந்தா, இடிக்கிறப்பவே புடுங்கச் சொல்லியிருப்பாங்க" என்றார்.

மறுபடி இடிக்கிறது. மோடத்தில் பச்சை லைட் எரிகிறது. நான் பிளக்கைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறேன். மாமி இன்னும் கூப்பிடவில்லை.