இலைமேல் பதிந்த கட்டைவிரல்

அனுப்புநர்:
ர. ஜோவிதா,
தாவரவியல் ஆய்வு மாணவி,
விவேக் நகர், பெங்களூரு.

பெறுநர்:
காவல் துணை ஆணையர் அவர்கள்,
பெங்களூரு.

பொருள்: ஆய்வகத்தில் என் கையை உடைத்தவர்மீது வழக்குப் பதிந்து, சாட்சியான இலையை இன்றே கைப்பற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் வலது கை மாவுக்கட்டில் உள்ளது. நான் சொல்லச் சொல்ல என் தாயார் பியாட்ரிஸ் எழுதுகிறார். அழுதுகொண்டே எழுதுகிறார்; எழுத்து கலைந்திருந்தால் பொறுத்தருளவும்.

2. இலையின் அடியில் நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றை ஒட்டிய துணைச் செல்கள் துளையோடு ஒரே தாய்ச் செல்லில் பிறந்தவையா, பக்கத்திலிருந்து வந்தவையா என்பது, பூக்கும் தாவரங்களில் எது எதற்கு உறவு என்று அறிய ஒரு தடயம். என் வழிகாட்டி முனைவர் தியோடர், ஒரு மலைக்கொடியில் அவை உடன்பிறந்தவை என்று எழுதி, அதை மிகப் பழைய கிளையில் சேர்த்துப் பெயர் வாங்கியவர். அவர் பார்த்தது முற்றிய இலையை. நான் கொழுந்தில் செல் பிரிவதையே பார்த்தேன்; துணைச் செல்கள் பக்கத்திலிருந்தே வந்தன. அவர் எழுதியது தவறு.

3. திங்கள் மாலை, இதைக் கருத்தரங்கில் சொல்லப்போவதாக அவரிடம் தெரிவித்தேன். கதவைத் தாழிட்டார். தலைமுடியைப் பிடித்து என்னை மேசையில் மோதினார். நுண்ணோக்கியைத் தூக்கி வலது கைமேல் இறக்கினார்; எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. ஸ்லைடுகளை மிதித்து நொறுக்கி, அந்தக் கண்ணாடித் தூளில் என் முகத்தைத் தேய்த்துவிட்டுப் போனார். பிறகு வந்த தோழி லீனாதான் என்னைத் தூக்கினாள். அன்று மாலை தாம் அங்கே வரவேயில்லை என்கிறார் அவர்.

4. விசாரிக்க வந்த உதவி ஆய்வாளர், மேசையில் இருந்த நெயில் பாலிஷ் புட்டிகளைப் பார்த்தார். "லவ் மேட்டர்தானேம்மா? பையனைக் காப்பாத்த புரொபசரை ஏன் இழுக்கிறே?" என்றார், அப்படியே எழுதியும் விட்டார். ஐயா, அது அலங்காரப் பொருள் அல்ல. இலைமேல் பூசிக் காய்ந்ததும் உரித்தால் செல்களின் அச்சு வரும். பூசிக்கொள்ள என் வலது கையில் இப்போது நகமும் இல்லை.

5. அன்று மாலை நான் பறித்துப் பூசிய இலை காய்வதற்குள் முனைவர் தியோடர் அதைப் பிடுங்கி எறிந்தார். ஈரப் பூச்சில் அவர் கட்டைவிரல் ரேகை பதிந்து காய்ந்திருக்கிறது. லீனா லென்ஸில் பார்த்தாள். வெளியே எடுத்தால் நாங்களே செய்ததாகச் சொல்வார்கள் என்று ஆய்வக இழுப்பறையிலேயே வைத்திருக்கிறாள். நாளைக் காலை இழுப்பறைகளையும் காலி செய்து அறையைக் கழுவச் சொல்லியிருக்கிறார் அவர்.

6. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, ஐயா. ஆயினும் சட்டத்தையே நாடுகிறேன். இம்மனுவில் கையொப்பமிட முடியாததால் என் ரேகையை வைக்கிறேன். அவர் ரேகையையும் எடுத்து, அந்த இலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

நாள்: 14.08.2024
இடம்: பெங்களூரு

இப்படிக்கு,
(இடது கட்டைவிரல் ரேகை)
ர. ஜோவிதா